ஆறரை லட்சத்துக்கு ஒரு சிறப்பிதழ்

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இன்னும் பதினோரு கட்டு கிடக்கிறது. கட்டுக்கு ஐம்பது பிரதி. மேலே சுற்றிய பழுப்புத் தாளைக் கரையான் அரித்துவிட்டது. உள்ளே படங்கள் மட்டும் நேற்று அச்சடித்த மாதிரி பளபளவென்று இருக்கின்றன. தஞ்சாவூர் பெரிய கோயில் குடமுழுக்குக்காக 2020 பிப்ரவரியில் நான் கொண்டுவந்த சிறப்பிதழ் அது. ஆசிரியராக நான் செய்ததிலேயே நல்ல இதழும் அதுதான், என்னைக் கடனாளியாக்கியதும் அதுதான். பண்பாடு, பயணம் என்று பத்திரிகை தொடங்கும் ஆசையோடு மாதத்துக்கு ஒருவராவது எனக்குப் போன் செய்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அரைமணி நேரம் சொல்வதை இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். எனக்கு அன்றைக்கு இப்படிச் சொல்ல ஆள் இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

நான் 2002-இல் சென்னையில் ஒரு வார இதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் ப்ரூஃப் பார்த்ததுதான் வேலை. ஒற்று மிகும் இடம் மிகா இடம் தவிர வேறு எதுவும் தெரியாமல் கழிந்த காலம். பிறகு பயணப் பக்கம் கைக்கு வந்தது. அங்கே இருந்த மூத்தவர் ஒருவர், ஓர் ஊரைப் பற்றி எழுதுவதென்றால் விடிகாலையில் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை, கடை அடைக்கும் நேரத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு எழுது என்பார். டெல்டா ஊர்களுக்கு இது ரொம்பப் பொருத்தம். பெரும்பாலான கோயில்கள் பகல் பன்னிரண்டு வாக்கில் நடை சாத்தினால் திறக்க நாலு ஆகிவிடும். கோயிலுக்காக மட்டும் வந்தவர்கள் அந்த நாலு மணி நேரமும் லாட்ஜில் தூங்குவார்கள். நான் அந்த நேரத்தில்தான் பட்டறைகளுக்குப் போவேன். நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் கடையும் ஒருவர், பழைய வீட்டை இடிக்கும்போது விலைபேசி வாங்கிவந்த ஆச்சா மர உத்திரத்தைக் காட்டினார். புது மரம் ஆகாதாம், பல வருடம் காய்ந்து ஆறியதாக இருக்க வேண்டுமாம். துளை போடும்போது விழுந்த தூளை உள்ளங்கையில் அள்ளிவைத்து, “மோந்து பாருங்கம்மா” என்றார். மூக்குப்பொடி நிறத்தில் இருந்தது. அந்த ஒரு வரிக்காக மட்டுமே அந்தக் கட்டுரையை ஞாபகம் வைத்திருக்கும் வாசகர்கள் இருக்கிறார்கள்.

இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தனியாகப் போகும் பெண்ணுக்கு அறை இல்லை என்று சொல்லும் லாட்ஜுகள் சின்ன ஊர்களில் இன்றைக்கும் உண்டு. மேலட்டூரில் பாகவத மேளா விடிய விடிய நடக்கும். அதைப் பார்க்கப் போன வருடம், தஞ்சாவூரில் போட்டிருந்த அறையை நான் தனியாக வந்ததைப் பார்த்ததும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அலுவலக அடையாள அட்டையைக் காட்டியும் நடக்கவில்லை. ராத்திரி முழுக்க நாடகம் பார்த்துவிட்டு, விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். அதிலிருந்து, அறை போடும்போதே போனில் ‘ஒரு பெண், தனியாக’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லி, ஒப்புக்கொண்டவர் பெயரையும் எழுதிக்கொள்வேன். பாருங்கள், லாட்ஜ்காரரின் பெயரை எழுதிவைத்துக்கொள்ளத் தெரிந்த எனக்கு, பின்னால் லட்சக்கணக்கில் கைமாறிய விஷயத்தில் ஒரு கையெழுத்து வாங்கத் தோன்றவில்லை.

2016 பிப்ரவரியில் கும்பகோணம் மகாமகம். எங்கள் நிறுவனம் போட்ட மகாமக இணைப்புக்கு நான்தான் பொறுப்பு. சொந்த ஊர், தெரிந்த குளம், தெரிந்த தெருக்கள். பிரமாதமாக வந்தது, விற்றும் தீர்ந்தது. என் தலைக்கனம் அங்கே தொடங்கியது. அந்த இணைப்பில் நான் செய்தது எழுத்து, படம், லே-அவுட். விளம்பரம் பிடிக்க ஒரு துறை, அதை வசூலிக்க இன்னொரு துறை, ஏஜென்ட்டுகளைப் பார்க்க சர்க்குலேஷன், காகிதம் வாங்கத் தனி மேனேஜர் என்று என்னைச் சுற்றி முப்பது பேர் இருந்ததை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. இதழ் விற்றது என்னால் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் இப்போது ஒரு நிறுவனத்தில் ஆசிரியராக இருந்து தனியாகப் போகலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால், ஆறு மாதம் உங்கள் விளம்பரத் துறைக்காரரோடு டீ குடியுங்கள். எந்தக் கடை எத்தனை நாளில் பணம் தரும், எந்த ஏஜென்ட் ரிட்டர்னில், அதாவது விற்காமல் திரும்பும் பிரதிகளில், விளையாடுவார் என்பதெல்லாம் அவர் வாயில்தான் இருக்கிறது.

2017-இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வேலையை விட்டுக் கும்பகோணம் வந்துவிட்டேன். வந்த இடத்தில் சும்மா இருக்க முடியவில்லை. 2018-இல் மாத இதழ் தொடங்கினேன். அப்போதெல்லாம் 1867-ஆம் வருடத்துச் சட்டப்படிதான் பதிவு. தலைப்பு ஒப்புதலுக்கு அனுப்பி, அது வந்தபின் ஆர்.டி.ஓ., அதாவது கோட்டாட்சியர், முன்னால் உறுதிமொழி கொடுத்து, பிறகு விண்ணப்பம் டெல்லியில் இருக்கும் பத்திரிகைப் பதிவாளருக்குப் போக வேண்டும். நான் கேட்ட முதல் இரண்டு பெயர்களும் ஏற்கெனவே யாரிடமோ இருந்தன, மூன்றாவது கிடைத்தது. மொத்தம் ஏழு மாதம் ஆயிற்று. 2023-இல் வந்த புதுச் சட்டம் 2024 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, தலைப்புக்கும் பதிவுக்கும் ஒரே நேரத்தில் ஆன்லைனில் விண்ணப்பித்துவிடலாம். எந்தச் சட்டமானாலும் பதிவு எண் வருவதற்கு முன்னால் சந்தா வாங்காதீர்கள். பதிவு இருந்தால்தான் தபால் துறையின் செய்தித்தாள் சலுகைக்கு விண்ணப்பிக்க முடியும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு பிரதிக்கும் முழுத் தபால் செலவு. நான் முதல் நாலு இதழை அப்படித்தான் அனுப்பினேன், சந்தாவில் பாதி தபாலிலேயே போயிற்று.

அப்பாவுக்குப் பேச்சு குழறும். ஆனாலும் நான் பத்திரிகை என்றதும் தெளிவாக ஒன்று சொன்னார்: “தேனீ.” எங்கள் ஊர் எழுத்தாளர் எம்.வி.வெங்கட்ராம் பட்டு, ஜரிகை வியாபாரம் செய்தவர். நாற்பதுகளின் கடைசியில் ‘தேனீ’ என்று இலக்கியப் பத்திரிகை நடத்திப் பணத்தை விட்டவர். கும்பகோணத்தில் பழைய ஆட்களுக்குப் பத்திரிகை என்றாலே முதலில் அந்தக் கதைதான் ஞாபகம் வரும். நான் சிரித்துவிட்டுப் போனேன். முதல் இதழில் நானே எழுதிய கட்டுரை தரங்கம்பாடி அச்சகத்தைப் பற்றி. 1710-களில் பாதிரியார் சீகன்பால்க் குழுவினர் அங்கே தமிழில் அச்சடிக்கத் தொடங்கியபோது காகிதம் போதவில்லை. எழுத்தைச் சின்னதாக வார்த்துப் பார்த்தார்கள். அதற்கு மேல் பொறையாறு பக்கம் காகிதப் பட்டறையே வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்ததுதான். முந்நூறு வருடத்துக்கு முந்தைய காகிதக் கஷ்டத்தை அவ்வளவு ரசித்து எழுதியவள், என் இதழுக்கு அடுத்த மாதக் காகித விலை என்ன என்று அச்சகத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாவது மாதம் பில் ஏறி வந்தபோதுதான் கேட்டேன்.

2018 நவம்பர் இதழில் கோடியக்கரைப் பறவைகள் அட்டைப்படக் கட்டுரை. ‘இந்தக் குளிருக்குக் கிளம்புங்கள்’ என்று முடித்திருந்தேன். இதழ் கடைக்குப் போன வாரம் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. தென்னையெல்லாம் வேரோடு சாய்ந்து, ஜனங்கள் முகாமில் கிடக்கும்போது என் இதழ் சுற்றுலா வரச் சொல்லிக் கடையில் தொங்கியது. ஒரு துண்டுத்தாள் அச்சடித்து ஒவ்வொரு பிரதியிலும் செருக 9,000 ரூபாய் செலவானது. அந்தப் பணத்துக்கு நான் வருத்தப்படவில்லை. மாத இதழில் எழுதுவதற்கும் வாசகர் கைக்குப் போவதற்கும் இருபது நாளாவது ஆகும் என்பதை அன்றைக்குத்தான் உடம்பால் உணர்ந்தேன். ஐப்பசி, கார்த்திகை இதழில் கடலோர ஊரை அட்டையில் வைப்பதில்லை என்று அப்போது வைத்துக்கொண்ட வழக்கத்தைக் கடைசிவரை விடவில்லை.

ஒன்றரை வருடம் லாபமும் இல்லாமல் பெரிய நஷ்டமும் இல்லாமல் ஓடியது. 1,100 சந்தாதாரர்கள். கடை விற்பனை சுமார் 1,500. அப்போதுதான் பெரிய கோயில் குடமுழுக்கு 2020 பிப்ரவரி 5 என்று தேதி வந்தது. 1997-க்குப் பிறகு 23 வருடம் கழித்து நடப்பது. ஊரே கூடும். தமிழிலா சமஸ்கிருதத்திலா என்று வழக்கு வேறு நடந்து, கடைசியில் இரண்டிலும் என்று ஆனது. பேப்பரில் தினமும் அதே செய்தி. எனக்கு மகாமகம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. 8,000 பிரதி, 120 பக்கம், முழுக்க ஆர்ட் பேப்பர், விலை 100 ரூபாய் என்று முடிவு செய்தேன். எங்கே போய் முடிந்தது என்பது தெரிந்தபின் சொல்வதால் சுலபமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: வழக்கமாக விற்பதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் எந்தச் சிறப்பிதழையும் அடிக்காதீர்கள். கேட்டு வந்தால் மறு அச்சு போட்டுக்கொள்ளலாம். பிளேட் இருக்கிறது, ஒரு வாரத்தில் ஆகிவிடும். விற்காத பிரதியைத் திரும்ப வெள்ளைத் தாளாக்க முடியாது.

அந்த மூன்று மாதம் நான் உழைத்த உழைப்பை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் பெருமைதான். ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த கோயிலைப் பற்றி எழுதாதவர்கள் கிடையாது. ஆகவே எழுதியதிலேயே எத்தனை தப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்ப்பதுதான் என் முதல் வேலையாக இருந்தது. வந்த கட்டுரைகளில் மூன்றில் ‘விமானத்தின் நிழல் தரையில் விழாது’ என்று இருந்தது. காலையிலோ சாயங்காலமோ பிராகாரத்தில் நின்றால் நிழல் நம் காலடியிலேயே கிடக்கும். வெட்டினேன். 216 அடி உயர விமானத்தின் உச்சியில் 80 டன் எடையுள்ள ஒரே கல் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது பல கற்களை இணைத்துச் செய்த சிகரம். வெட்டினேன். கருவறையைச் சுற்றிய உள்வழியில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அந்த வருடத்தை ஒருவர் மாற்றி எழுதியிருந்ததைச் சரிசெய்ய ஒரு முழு நாள் நூலகத்தில் உட்கார்ந்தேன். பண்பாட்டுப் பத்திரிகை நடத்துகிறவர்கள் இந்த வேலையில் கஞ்சத்தனம் பண்ணவே கூடாது. தஞ்சாவூர் வாசகர்கள் பொல்லாதவர்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் போஸ்ட் கார்டில் நாலே வரியில் நம் மானத்தை வாங்கிவிடுவார். அந்தச் சிறப்பிதழுக்கு அப்படி ஒரு கார்டுகூட வரவில்லை.

எழுத்தில் இத்தனை கறார். விளம்பரத்தில்? பதினாலு விளம்பரதாரர்கள், மொத்தம் 5,40,000 ரூபாய்க்கு. அதில் ஆர்.ஓ., அதாவது விளம்பரத்தை வெளியிடச் சொல்லும் உத்தரவு, எழுத்தில் கொடுத்தவர்கள் மூன்றே மூன்று பேர். மற்ற பதினோரு பேரும் வாய்ச்சொல். ‘போட்டுடுங்கம்மா, நாம பாத்துக்கலாம்’ என்பார்கள். எங்கள் பக்கம் இப்படித்தான். கடைக்குப் போனால் முதலில் உட்காரவைத்துக் காபி கொடுப்பார்கள். அப்பாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். அம்மாவுக்கு நாத்தனார் முறை, பாட்டி ஊர் பக்கத்து ஊர் என்று ஏதாவது ஓர் உறவு வந்துவிடும். அதற்குப்பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ‘இதில் கையெழுத்துப் போடுங்கள்’ என்று கேட்க நாக்கு எழும்பாது. கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டிருந்தால் நாலு பேர் பின்வாங்கியிருப்பார்கள். அந்த நாலு பேர் யார் என்பது ஜனவரியிலேயே தெரிந்திருக்கும், நாலு பக்கத்தைக் குறைத்திருப்பேன். வாய்ச்சொல்லில் எனக்கு அது தெரிந்தது ஜூலையில்.

இன்னொரு கூத்து, ஒரு விடுதிக்காரர் முழுப் பக்க விளம்பரத்துக்குப் பணத்துக்குப் பதிலாகப் பன்னிரண்டு நாள் தங்கும் கூப்பன் கொடுத்தார். பயணப் பத்திரிகைகளில் இது சகஜம். நமக்குத்தான் ஊர் ஊராகத் தங்க வேண்டியிருக்கிறதே என்று வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதமே ஊரடங்கு. கூப்பன் காலாவதி ஆயிற்று. அச்சகக்காரர் அறைக் கூப்பனை வாங்கிக்கொள்ள மாட்டார் என்பதை யோசித்திருக்க வேண்டும்.

இதழ் சிவகாசியிலிருந்து பிப்ரவரி 2-ஆம் தேதி ராத்திரி லாரியில் வந்தது. ஒரு வாரம் முன்னால் வந்திருக்க வேண்டியது. தாமதம் என் தப்பு, கடைசி நேரத்தில் இரண்டு படத்தை மாற்றினேன். 4-ஆம் தேதியிலிருந்து கோயிலைச் சுற்றி வண்டி விடவில்லை. கட்டுகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்துபோய்ச் சில கடைகளில் போட்டோம். கூட்டம் கடல்போல வந்தது, ஆனால் வந்தவர்கள் கும்பாபிஷேகம் பார்க்க வந்தவர்கள். கையில் குழந்தை, தலையில் மூட்டை. நூறு ரூபாய்ப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு யார் நிற்பார்கள்? என் வாசகர்கள் கூட்டம் ஓய்ந்தபிறகு, மார்ச், ஏப்ரலில் பள்ளி விடுமுறைக்கு வருகிறவர்கள். இதழைக் கடைகளில் மூன்று மாதம் வைத்திருப்பதாகத்தான் ஏஜென்ட்டுகளோடும் பேச்சு.

மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள். பஸ் இல்லை, பார்சல் இல்லை, ஸ்டேண்ட் கடை இல்லை. மார்ச் இதழ் தபாலில் எங்கேயோ நின்றது. ஏப்ரல் இதழை அச்சுக்கே கொடுக்கவில்லை. வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று அரசாங்கம் சொல்லும்போது பயணப் பத்திரிகையில் என்ன எழுதுவது? முதல் மாதம் நம்பிக்கையோடு இருந்தேன். இரண்டாவது மாதம் போன் அடித்தாலே வயிற்றைக் கலக்கும். அச்சகக்காரர் நல்ல மனுஷர், ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. “மேடம், காகிதக்காரனுக்கு நான் பதில் சொல்லணும்” என்று மட்டும் சொல்வார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மூன்று தடவை அவர் போனை எடுக்காமல் விட்டேன். அதை நினைத்தால் பணம் போனதைவிட அதிகமாகக் கூசுகிறது. கடைசியில் அம்மா பீரோவிலிருந்து வளையலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “அவனைப் பத்துத் தடவை கேக்க வச்சுட்ட. பதினோராம் தடவை கேக்க விடாதே” என்றாள். ஜூன் மாதம் அடகு வைத்து அவர் கணக்கை முடித்தேன்.

ரிட்டர்ன் ஜூன் கடைசியிலிருந்து வரத் தொடங்கியது. ஏஜென்ட்டுகளுக்குப் போன 6,900-இல் விற்றது 2,300 வாக்கில், திரும்பி வந்தது 3,800. மீதி 800 என்ன ஆயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வந்ததிலும் பாதி ஈரம் பட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆர்ட் பேப்பரில் தண்ணீர் பட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டிப் பலகை ஆகிவிடும், பிரித்தால் படம் உரிந்து வரும். ஏஜென்ட்டுகளிடமிருந்து எனக்கு வரவேண்டியது கமிஷன் போக 1,61,000. வந்தது 92,000. அவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை, அவர்களும் கடை பூட்டிக் கிடந்தவர்கள்தான். ஆனால் டெபாசிட் வாங்காமல் ஒரே ஏஜென்ட்டுக்கு ஆயிரம் பிரதி கொடுத்தது என் தப்பு. இப்போது யாராவது கேட்டால், புது ஏஜென்ட்டுக்கு இரண்டு மாதப் பிரதிக்கான முன்பணம், ரிட்டர்ன் எத்தனை நாளுக்குள், எந்த நிலையில் என்பது எழுத்தில், சந்தேகமான இடத்துக்கு ஐம்பது பிரதிக்கு மேல் கிடையாது என்றுதான் சொல்வேன்.

விளம்பரப் பணம்தான் பெரிய அடி. ஆர்.ஓ. கொடுத்த மூன்று பேரும் 1,10,000 ரூபாயை முழுசாகக் கொடுத்துவிட்டார்கள், அதுவும் ஊரடங்குக்குள்ளேயே. வாய்ச்சொல் பதினோரு பேரில் இரண்டு பேர் சேர்ந்து 25,000 கொடுத்தார்கள். மற்றவர்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நான் பதினாலு பேருக்கும் பில் போட்டுவிட்டேன். அச்சு விளம்பரத்துக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி. பில் போட்டால் வரி கட்டியாக வேண்டும், வாடிக்கையாளர் பணம் தந்தாரா என்று அரசாங்கம் கேட்காது. வராத பணத்துக்கும் சேர்த்து 27,000 ரூபாய் என் கையிலிருந்து கட்டினேன். என் வரவுசெலவுக்கு ஜிஎஸ்டி பதிவே தேவைப்பட்டிருக்காது, பெரிய கம்பெனி விளம்பரம் வரும் என்று ஆசைப்பட்டு எடுத்தது. முதலில் புரோஃபார்மா, அதாவது வரிக்கணக்கில் சேராத உத்தேச பில், கொடுத்து, பாதியாவது முன்பணம் வந்தபிறகு பக்கம் ஒதுக்குங்கள். சிறுதொழில் என்று உத்யம் பதிவும் செய்துகொள்ளுங்கள். அந்தப் பதிவு கையில் இருந்தால், வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் வட்டியோடு கேட்க 2006-ஆம் வருடக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தில் வழி இருக்கிறது. நான் இதைத் தெரிந்துகொண்டபோது பில்லெல்லாம் பழசாகிவிட்டது.

படத்தின் கதை இதற்கெல்லாம் மேல். அட்டையில் போட்ட படம் மாயவரத்துப் பையன் ஒருவன் எடுத்தது. மழை விட்ட சாயங்காலம், நந்தி மண்டபத்துக்கு முன்னால் தேங்கிய தண்ணீரில் விமானம். அவன் அதை இரண்டு வருடம் முன்னாலேயே தனக்காக எடுத்து வைத்திருந்தான். அட்டைக்குப் போட 6,000 ரூபாய் கொடுத்தேன். இதழ் வந்த வாரம், 45,000 ரூபாய்க்குப் பின்னட்டை விளம்பரம் கொடுத்திருந்த ஜவுளிக்கடைக்காரர் கூப்பிட்டார். “அந்த அட்டைப் படம் பிரமாதம்மா. கேலண்டருக்கு எடுத்துக்கலாமா?” விளம்பரப் பணம் இன்னும் வரவில்லை, அவர் மனம் கோணக் கூடாது. “தாராளமா எடுத்துக்கங்க” என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. டிசம்பரில் 2021 கேலண்டர் வந்தது, ஆறாயிரம் பிரதி, டெல்டா முழுக்க எல்லார் வீட்டுச் சுவரிலும். பையன் போன் செய்தான். “அக்கா, எங்க மாமா வீட்டுல கேலண்டர் பாத்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா.” நான் சமாதானமாகப் பேசியிருக்க வேண்டும். ஏற்கெனவே நொந்து கிடந்ததில், ‘காசு கொடுத்துத்தானே வாங்கினேன்’ என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

என் வக்கீலிடம் போனபோதுதான் விளங்கியது. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, நாம் பணம் பேசி, நமக்காகவே எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை நமக்கு. அவர் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த படத்தை ஒரு தடவை போட்டுக்கொள்ள வாங்கினால், உரிமை அவருக்கேதான் இருக்கிறது. நாம் இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்க முடியாது. உரிமையை முழுசாக வாங்குவதானால் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து வாங்கும் கட்டுரைக்கும் எழுத்தில் வாங்குவது அதேபோலத்தான். பையனுக்கு 75,000 கொடுத்து முடித்தோம். கடைக்காரர், ‘நீங்கதானேம்மா எடுத்துக்கச் சொன்னீங்க’ என்று ஒதுங்கிக்கொண்டார். அவர் சொன்னதும் நிஜம்தான். பையன் மேல் எனக்குக் கோபமில்லை. கேட்ட இடத்தில் ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் அவனுக்கு இன்னும் பத்தாயிரம் கொடுத்துச் சந்தோஷமாக முடிந்திருக்கும், எனக்கும் ஒரு நல்ல தம்பி மிஞ்சியிருப்பான். இப்போது என் படிவம் அரைப் பக்கம்தான். என்ன படம், எந்த இதழுக்கு, இணையத்தில் உண்டா, மறுபடி போட்டால் எவ்வளவு, வேறு யாருக்கும் கொடுக்கலாமா. இவ்வளவுதான். தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், படித்துப் புரிந்து கையெழுத்துப் போடட்டும் என்று.

மொத்தக் கணக்கை ஒரு நாள் உட்கார்ந்து போட்டேன். அச்சு 3,90,000, எழுத்தாளர், படம், பயணம் 85,000, லாரி, பார்சல் 30,000, வரி 27,000. வந்தது 2,27,000. அதிலேயே மூன்று லட்சத்து ஐந்தாயிரம் போயிற்று. அப்புறம் படத்துக்கு 75,000, பத்திரிகை நின்ற பிறகும் ஐந்து மாதம் கொடுத்த வாடகையும் இரண்டு பேர் சம்பளமும் 1,40,000, சந்தாதாரர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது 88,000, நகைக்கடன் வட்டி 42,000. ஆறரை லட்சம். சந்தாப் பணத்தைத் திருப்ப வேண்டாம் என்று பலர் சொன்னார்கள். ஆனாலும் திருப்பினேன். அந்த ஒரு கணக்கில் மட்டும் யார் முகத்தையும் பார்க்க முடிகிறது. சந்தாவைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, மாதாமாதம் அனுப்பிய இதழுக்கு உரியதை மட்டும் எடுக்கும் பழக்கம் இருந்திருந்தால் அதற்கும் கடன் வாங்க வேண்டியிருந்திருக்காது.

வசூலைப் பற்றி ஒரு விஷயம், இதை நிறையப் பேர் கேட்டுக்கொள்வதில்லை. பாக்கிப் பணத்துக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. அதற்குள் பாக்கிக்காரர் ‘ஆமாம், தரவேண்டியிருக்கிறது’ என்று எழுத்தில் கொடுத்துக் கையெழுத்திட்டால் அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். கொரோனா சமயத்தில் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தை உச்ச நீதிமன்றம் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றது. ஆக என் பில்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடுதலாகக் கிடைத்தது. அதையும் விட்டேன். தீபாவளிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை வாட்ஸ்அப்பில் ஞாபகப்படுத்துவேன், கைகூப்பிய படம் பதிலாக வரும். வக்கீல் நோட்டீஸ் விட்டால் ஊருக்குள் முகம் பார்க்க முடியாதே என்று தயங்கினேன். அந்தத் தயக்கத்துக்குத்தான் நாலு லட்சத்துக்கு மேல் விலை கொடுத்தேன்.

இப்போது நான் வெளியூர் பதிப்பகங்களுக்கு வழிகாட்டி நூல்கள் தொகுத்துக் கொடுக்கிறேன். மாதம் இரண்டு நாள் கல்லூரியில் இதழியல் வகுப்பு. வளையல் போன வருடம் மீண்டது. எழுத்து வேலையை நான் வெறுக்கவில்லை, இன்றைக்கும் சுவாமிமலையில் ஒரு பட்டறையில் மெழுகு உருவத்தின் மேல் வண்டல் மண் பூசுவதைப் பார்த்தால் நோட்டுப் புத்தகத்தை எடுக்கத்தான் கை போகிறது. சொந்தப் பத்திரிகை மட்டும் வேண்டாம்.

போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில் அந்த ஜவுளிக்கடைக்காரரைப் பந்தியில் பார்த்தேன். எனக்கு அடுத்த இலை. அப்பா காலமானதை விசாரித்தார், அம்மாவின் முட்டிவலிக்கு ஒரு வைத்தியர் பெயர் சொன்னார். “ஒரு நாள் கடைக்கு வாங்கம்மா, அந்தப் பழசைப் பேசி முடிச்சுடலாம்” என்றார். ஐந்து வருடமாகச் சொல்வதுதான். பாயசம் வரும்போது திரும்பி, “அந்தப் பெரிய கோயில் புக்கு இருக்கா? நம்ம சம்பந்தி வீட்ல கேக்கறாங்க. எங்கேயும் கெடைக்கலையாம்” என்றார். வண்டியில் நாலு பிரதி எப்போதும் வைத்திருப்பேன். கைகழுவிவிட்டுப் போய் எடுத்துவந்து கொடுத்தேன். “எவ்வளவும்மா?” என்றார். நூறு ரூபாய் என்றேன். சிரித்துக்கொண்டே அங்கேயே போனை எடுத்து ஜிபே பண்ணினார்.